முதலில் மானைக் காணப் பழகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேட்டை அனுமதி எடுக்கும் நம் இளைஞர்களைப் பற்றிப் போன கிழமை உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். இங்கே கனடாவில், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் துவக்குப் பாதுகாப்புப் பாடம் படித்து, வேட்டைப் பாடமும் படித்து, சோதனை எழுதி, வேட்டை அட்டை எடுத்துக்கொண்டு நவம்பரில் வடக்கே ஹாலிபேட்டன் காட்டுப் பக்கம் மான் வேட்டைக்குப் போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது சந்தோஷமான செய்தி. ஆனால் கட்டுரையில் பாதிக்கு மேல் எந்தத் துவக்கு நல்லது, துவக்கின் மேல் பூட்டுகிற குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் எது நல்லது, மரத்தில் கட்டுகிற கமெரா என்ன விலை என்றுதான் இருந்தது. காட்டுக்குள் மானை எப்படிக் காண்பது என்று ஒரு வரி இல்லை. பாடம் நடத்துகிறவர்களும் அதற்குப் பெரிதாக நேரம் ஒதுக்குவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வன்னியில் பிறந்தவன். 1980களின் கடைசியில் இங்கே வந்து, ஒஷாவாப் பக்கம் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். எனக்கு இந்தக் காட்டைப் பழக்கியவர் என்னோடு ஒரே இயந்திரத்தில் நின்று வேலை செய்த ஹாலிபேட்டன்காரர். தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து நவம்பர் என்றால் காட்டில் நிற்கிற குடும்பம் அவருடையது. அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. புதிதாக வருகிறவனுக்கு முதல் இலையுதிர்காலத்தில் துவக்குக் கிடையாது. பைனாகுலர் மட்டும்தான். அவர் முன்னால் போவார், நான் பின்னால். திடீரென்று நிற்பார். “இந்த இடத்தில் என்ன தெரிகிறது, சொல்” என்பார். மரம், கல், விழுந்த கட்டை, பாசி என்று நான் சொல்லிக்கொண்டு போவேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, இதில் எது படுத்த கோட்டில் இருக்கிறது?” என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியில்தான் முழு வித்தையும் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

காட்டில் எல்லாம் நெட்டாக நிற்கும். மேப்பிள், ஹெம்லொக், சீடர் என்று எந்த மரத்தை எடுத்தாலும் மேலே போகிற கோடுதான். மானின் முதுகு மட்டும் படுத்த கோடு. அதுவும் நாம் நினைக்கிற உயரத்தில் இல்லை. படத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு மான் பெரிய மிருகம். இங்கே இருக்கிற வெண்வால் மானின் தோள் உயரம் அநேகமாக ஒரு மீற்றரைத் தாண்டாது. நம் இடுப்பளவுதான். புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் தங்கள் கண் மட்டத்தில் தேடுவார்கள், மான் அதற்குக் கீழே நின்றுகொண்டிருக்கும். ஆகவே முதல் வேலை, பார்வையை இடுப்பு உயரத்துக்கு இறக்குவது.

இரண்டாவது வேலை, முழு மானைத் தேடுவதை விடுவது. கொம்பும் கழுத்தும் நாலு காலும் வாலுமாக ஒரு மான் வெளியில் வந்து நிற்பது வயல் ஓரத்தில் நடக்கும், மாலை நேரத்தில் நடக்கும். காட்டுக்குள் அப்படி நடப்பது குறைவு. அங்கே கிடைப்பது துண்டுகள்தான். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் ஒரு கையகலச் சாம்பல் நிறம். பின்னங்கால் மடியும் இடத்தின் வளைவு. ஈரமான கறுத்த மூக்கு, அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பட்டை. தொண்டையில் வெள்ளைத் திட்டு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். காதின் உட்பக்கம் வெள்ளை. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைச் சட்டை நுனியை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள் இல்லையா, அந்தப் பழக்கம்தான் வேண்டும். துண்டைக் கண்டதும் முழு மான் தானாகக் கூடி வரும்.

நிறத்தை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கோடையில் மான் செம்மண்ணிறமாக இருக்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் அந்த மயிர் உதிர்ந்து, நவம்பரில் சாம்பலும் மண்ணிறமும் கலந்த தடித்த மயிரோடு நிற்கும். மரப்பட்டையின் நிறமே அதுதான். கோடையில் விடுமுறை வீட்டுக்குப் போன இடத்தில் கண்ட மானை மனதில் வைத்துக்கொண்டு நவம்பர் காட்டில் தேடினால் கிடைக்காது.

ஏமாற்றுகிற சாமான்களும் காட்டில் நிறைய இருக்கின்றன. ஹாலிபேட்டன் பக்கம் பீச் மரக் கன்றுகள் அதிகம். அவை பனிக்காலம் முழுக்கக் காய்ந்த இலையை உதிர்க்காமல் வைத்திருக்கும். மங்கிய மண்ணிறம். லேசான காற்றுக்கு ஒரு இலை ஆடினால் காது அசைந்த மாதிரியே இருக்கும். வித்தியாசம் என்னவென்றால் காற்று நின்றதும் இலை நின்றுவிடும். மானின் காது காற்றைப் பார்த்து அசைவதில்லை. ஒரு காது முன்னால் இருக்கும்போதே மற்றது பின்னால் திரும்பும். விழுந்த கட்டைகளும் அப்படித்தான், படுத்த கோடாகக் கிடக்கும். ஆனால் கட்டையின் கோட்டைத் தொடர்ந்து பார்த்தால் எங்கேயாவது நிலத்தில் போய் முட்டும், அல்லது வேரில் போய் முடியும். மானின் முதுகுக்கோடு இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முதல் பனி விழுந்து ஒரு நாளோ இரண்டு நாளோ. ஹெம்லொக் மரங்கள் நெருக்கமாக நிற்கிற ஒரு சரிவு. சூரியன் எனக்கு எதிர்ப்பக்கம், தாழ்வாக. ஐம்பது மீற்றரில் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் வேர்மண். அதன் பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி, பெருவிரல் நகமளவு. காய்ந்த இலைக்கு அந்த நிறம் வராது. பைனாகுலரைப் போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து அடித்ததால் காதுமடலின் மெல்லிய தோலூடாகச் சிவப்புத் தெரிந்தது, அதில் ஓடிய நரம்பும் தெரிந்தது. அதற்குக் கீழே தாடை அசைந்துகொண்டிருந்தது. அசை போட்டுக்கொண்டு படுத்திருந்த பெண்மான். முதுகில் விழுந்த பனி உருகவே இல்லை. அதன் மயிர் உள்ளே பொந்தானது, உடற்சூட்டை வெளியே விடாது. தாடை நிற்கும், ஒரு உருண்டை தொண்டை வழியாக இறங்கும், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று ஏறும், பிறகு தாடை திரும்ப அசையும். அது என்னைக் காணவில்லை. நான் அதை வடிவாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதற்கு இடது பக்கத்தில் இரண்டு குட்டிகளும் படுத்திருப்பது தெரிந்தது. அவ்வளவு நேரமும் அவை எனக்குக் கற்களாகத்தான் இருந்தன.

அதனால்தான் சொல்கிறேன், ஒன்றைக் கண்டால் தேடலை நிறுத்தக்கூடாது. மான் தனியே நிற்பது குறைவு. நவம்பர் நடுப்பகுதியில் இணைசேரும் காலம் உச்சத்தில் இருக்கும். அந்த நாட்களில் ஒரு பெண்மான் ஓடிவந்து நின்று, தன் பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்குமானால் அதன் பின்னால் கொம்பன் வருகிறது என்று அநேகமாகச் சொல்லலாம். அந்த நேரத்தில் துவக்கைத் தூக்கி ஆரவாரப்படாமல் பெண்மான் பார்க்கிற பக்கத்தை நாமும் பார்க்க வேண்டும்.

பைனாகுலர் பற்றி நம் ஆட்களுக்குப் பிழையான எண்ணம் ஒன்று இருக்கிறது. தூரத்தில் இருப்பதைப் பார்க்கத்தான் அது என்று நினைக்கிறார்கள். காட்டில் அதன் பெரிய உபயோகம் கிட்டத்தில்தான். முப்பது மீற்றரில் ஒரு பற்றை இருக்கிறது என்று வையுங்கள். வெறுங்கண்ணுக்கு அது ஒரு சுவர். பைனாகுலரில் நடுச்சக்கரத்தை மெல்ல மெல்லத் திருப்பினால் முன்னால் இருக்கிற குச்சிகள் கலைந்து மறையும், அதற்குப் பின்னால் இருப்பது தெளிவாகும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அதற்கும் பின்னால். இப்படிப் பற்றைக்குள்ளே அடுக்கடுக்காகப் போய்ப் பார்க்கலாம். ஹாலிபேட்டன்காரர் இதைக் காட்டித் தந்த அன்று எனக்குக் காடு புதிதாகத் தெரிந்தது. இன்னொன்று, வலமிருந்து இடமாகப் பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் வாசித்துப் பழகிய கண் இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டு ஓடும். எதிர்த்திசையில் போகும்போது அது நின்று நின்றுதான் போகும்.

வாங்க நினைக்கிறவர்கள் எட்டுக்கு நாற்பத்திரண்டு என்ற அளவில் வாங்குங்கள். 8x42 என்று எழுதியிருக்கும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீற்றர் என்று அர்த்தம். 42ஐ 8ஆல் பிரித்தால் ஐந்தேகால் மில்லிமீற்றர். அவ்வளவு அகலத்தில் வெளிச்சம் கண்ணுக்குள் வரும். மான் அசைவது விடியலிலும் மைம்மலிலும்தானே, அப்போது நம் கண்மணி ஏறக்குறைய அந்த அளவுக்கு விரிந்திருக்கும். சட்டைப்பைக்குள் வைக்கிற சின்னப் பைனாகுலர்கள் மத்தியானத்தில் நன்றாகத் தெரியும், வேண்டிய நேரத்தில் இருட்டிவிடும். விலை உயர்ந்த ஸ்கோப்புக்குப் போடுகிற காசில் பாதியை இதற்குப் போடச் சொல்வேன்.

நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடந்துகொண்டே எவரும் மானைக் கண்டதில்லை என்று சொல்ல மாட்டேன், காண்பார்கள், உயர்ந்த வெள்ளை வால் ஆடிக்கொண்டு போவதைக் காண்பார்கள். நாலு ஐந்து அடி வைத்து, ஒரு மரத்தோடு ஒட்டி நின்று, நடந்த நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் நின்று பார்க்க வேண்டும். நிற்கும்போது ஒரு தரமாவது குந்தியிருந்து பாருங்கள். சீடர் மரங்களில் மான் எட்டித் தின்னும் உயரம் வரைக்கும் இலை இருக்காது, வெட்டிவிட்ட மாதிரி ஒரே மட்டமாக இருக்கும். ஹெம்லொக்கிலும் அடிக்கொப்புகள் காய்ந்துபோயிருக்கும். நின்று பார்த்தால் பச்சைச் சுவர், குந்திப் பார்த்தால் அதற்குக் கீழே வெளி. அந்த வெளியில் நாலு மெல்லிய கால் தெரிந்தால் அது மரக்கன்று இல்லை. கால்களின் உட்பக்கம் வெளிறியிருக்கும், முழங்கால் தடித்திருக்கும்.

மான் எங்கே நிற்கும் என்பதை அது தின்ற குச்சியே சொல்லும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. குச்சியைப் பிடித்து இழுத்துத்தான் முறிக்கும், ஆகவே முனை நார்நாராகக் கிழிந்திருக்கும். முயல் தின்றால் கத்தியால் சரிவாகச் சீவிய மாதிரி இருக்கும். முனை பச்சையாக ஈரமாக இருந்தால் இன்று, நேற்று. கறுத்திருந்தால் பழசு. இலைச் சருகில் நீள்வட்டமாக அமுங்கிய பள்ளங்களைக் கண்டால் அங்கே படுத்தெழும்பியிருக்கிறது என்று அர்த்தம். நின்று, அது படுத்த இடத்தில் இருந்து எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று பாருங்கள். பெரும்பாலும் காற்றை முதுகுக்கு வாங்கிக்கொண்டு சரிவின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்துப் படுக்கும். பின்னால் வருகிறவனை மணத்தால் பிடிக்கும், முன்னால் வருகிறவனைக் கண்ணால் பிடிக்கும். அதுவும் கண் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய 300 பாகைக்கு அதற்குத் தெரியும்.

காதையும் மறக்கக்கூடாது. எங்கள் ஊர்ப் பக்கம் குளக்கட்டில் என் மாமாவோடு இருந்த நாட்களில், மந்தி ஒரு மாதிரிக் கத்தினால் உடனே பேச்சை நிறுத்துவார். மந்தி மரத்தின் மேலிருந்து கத்தும், கீழே புள்ளிமான் கூட்டம் தலையை நிமிர்த்தும். இங்கே மந்தி இல்லை. செந்நிற அணில் இருக்கிறது, நீல ஜே குருவி இருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு அணில் விடாமல் திட்டினால் யாரோ அங்கே நடக்கிறார்கள், மனிதனாக இருக்கலாம், மானாக இருக்கலாம். அணில் சருகில் ஓடும் சத்தம் பெரிய மிருகம் வருகிற மாதிரி இருக்கும். ஆனால் அது விட்டுவிட்டு, பரபரவென்று இருக்கும். மான் நடந்தால் அடி வைத்து, நின்று, திரும்ப அடி வைக்கும். வன்னியில் படித்த செவி ஹாலிபேட்டனில் உதவியது எனக்குப் பெரிய மனநிறைவு. வயதில் மூத்த பலரிடம் இந்தச் செவி இருக்கிறது. பிள்ளைகள் அவர்களிடம் கேட்பதில்லை.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த காரணம்.

ஒரு நவம்பரில், அரசு நிலத்தில், சதுப்பு ஒன்றின் ஓரத்தில் இருந்தேன். செம்மஞ்சள் மேலங்கி, செம்மஞ்சள் தொப்பி. எதிர்க்கரையில் இன்னொரு செம்மஞ்சள் தொப்பி வந்து நின்றது. நான் கையைத் தூக்கி அசைத்தேன். அங்கே நின்றவர் துவக்கைத் தோளில் வைத்து, ஸ்கோப் வழியாக என்னைப் பார்த்தார். பைனாகுலரில் எனக்கு அந்தக் குழல்வாய் வட்டமாகத் தெரிந்தது. நான் மரத்துக்குப் பின்னால் போய், சத்தம் போட்டுக் கூப்பிட்டு, சுற்றி நடந்து போய்ப் பேசினேன். இருபத்தைந்து வயது மதிக்கலாம், எங்கள் பிள்ளைதான். “அங்கிள், யாரென்று பார்த்தனான், சேஃப்டி போட்டுத்தான் இருந்தது” என்றார். துவக்கு வெடிக்காமல் தடுக்கிற பூட்டைத்தான் சேஃப்டி என்றார். மரியாதையான பிள்ளை, பயந்துபோய்விட்டார். அவரிடம் பைனாகுலர் இல்லை. ஒருவரும் வாங்கச் சொல்லவில்லையாம். ஸ்கோப் இருக்கிறதே, அது போதும் என்று கூட்டாளிகள் சொன்னார்களாம்.

ஆசிரியர் அவர்களே, இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஸ்கோப் தேடுகிற கருவி இல்லை. அது பார்க்கிற திசையில்தான் குழலும் நீட்டிக்கொண்டிருக்கும். என்னவென்று தெரியாத ஒன்றை ஸ்கோப்பில் பார்ப்பது என்றால், என்னவென்று தெரியாத ஒன்றின் மீது துவக்கை நீட்டுவது. கனடாக் குற்றவியல் சட்டத்தின் 87ஆம் பிரிவின்படி, சட்டபூர்வமான காரணம் இல்லாமல் ஒரு மனிதர் மீது துவக்கை நீட்டுவது, அதில் வெடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குற்றம். சேஃப்டி போட்டிருந்தது என்பது பதில் ஆகாது. மானைக் காணும் வேலை முழுவதும் கண்ணாலும் பைனாகுலராலும் முடிந்திருக்க வேண்டும். துவக்கு தோளுக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

அசைவைக் கண்டதும் சுடுகிற அவசரமும் இந்தப் பழக்கக் குறைவிலிருந்துதான் வருகிறது. காணப் பழகாதவனுக்கு ஒரு அசைவு கிடைத்தால் அது பெரும் பேறு. எங்கே தவறிப்போகுமோ என்று பதறுவான். காணப் பழகியவனுக்கு அந்தப் பதற்றம் வராது. இன்னொரு காது, இன்னொரு கால் வரும் என்று அவனுக்குத் தெரியும். அது என்ன மான் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? நம் ஒன்ராறியோ மாகாணத்தில் கொம்பு இல்லாத மானுக்குத் தனியாகக் குலுக்கலில் அனுமதி கிடைத்திருக்க வேண்டும். கொம்பு 7.5 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் அதுவும் கொம்பில்லாத மான் கணக்கில்தான் வரும். அந்த வருடத்து ஆண்குட்டிக்கு மயிருக்குள் மறைந்த மொட்டுத்தான் இருக்கும். நெற்றி தட்டையாகத் தெரியும், பெண்மானுக்கு உருண்டையாக இருக்கும். மங்கிய வெளிச்சத்தில், பற்றைக்குள், இதை எல்லாம் பார்த்துச் சொல்ல எத்தனை பேருக்கு ஏலும்? மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மண்மேடா, வெளியா, வீடா, இன்னொரு மானா. தெரியவில்லை என்றால் வெடி வைக்கக்கூடாது. காலில் பட்டு ஓடிப்போன மானை இருட்டில் தேடி அலைந்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

செம்மஞ்சள் உடையைப் பற்றி ஒரு வார்த்தை. துவக்குப் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 2,580 சதுர சென்ரிமீற்றர் செம்மஞ்சளும், தலையில் செம்மஞ்சள் தொப்பியும் ஒன்ராறியோச் சட்டம். மான் கண்டுவிடும் என்று சில பிள்ளைகள் மேலங்கியைக் கழற்றிப் பைக்குள் வைக்கிறார்கள். மானின் கண்ணில் நிறம் பிரிக்கிற கலங்கள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. செம்மஞ்சள் அதற்கு நம்மைப்போல் எரியாது. நீலம்தான் அதற்கு நன்றாகத் தெரியும். மேலங்கியைக் கழற்றிவிட்டு நீல ஜீன்ஸோடு நிற்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். செய்ய வேண்டியது நேர்மாறு. எந்த நிறம் போட்டாலும் கையை ஆட்டாமல், தலையை மெல்லத் திருப்பினால் போதும்.

வேட்டையே பாவம் என்று உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிற வாசகர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட வரவில்லை. என் மனைவியே சைவம். ஆனால் சட்டம் அனுமதித்து, பிள்ளைகள் போகத்தான் போகிறார்கள் என்றால், தெரிந்துகொண்டு போவது மானுக்கும் நல்லது, மற்ற மனிதருக்கும் நல்லது. அதோடு காணப் பழகிய கண் ஹாலிபேட்டன் பக்கம் போகிற 35ஆம் நெடுஞ்சாலையில் இரவில் வாகனம் ஓட்டும்போதும் உதவும். ஒரு மான் கடந்துபோனால் உடனே வேகத்தைக் கூட்டாமல் அடுத்ததற்காகக் காத்திருப்பீர்கள்.

என் வேண்டுகோள் இதுதான். சோதனைக்கு ஆள்சேர்த்து, பாடத்துக்கு மண்டபம் எடுத்துக் கொடுக்கிற நம் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும், அதோடு சேர்த்து ஒரு காலையாவது பிள்ளைகளை வெறுங்கையோடு மான் பார்க்கக் கூட்டிப்போகட்டும். அதற்கு ஹாலிபேட்டன் வரை போக வேண்டியதில்லை. நம் வாசலிலேயே ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கிற எத்தனையோ தமிழ் வீடுகளிலிருந்து பத்து, பதினைந்து நிமிட ஓட்டம். அங்கே வேட்டை கிடையாது, துவக்கைக் கொண்டுபோகவே நினைக்கக்கூடாது. வெண்வால் மான் இருக்கிறது. விஸ்ரா பாதையிலோ மாஸ்ற் பாதையிலோ ஒக்டோபர் கடைசியில், இலை கொட்டிய பிறகு, விடிந்த கையோடு போய், குறித்த பாதையை விட்டு இறங்காமல், நின்று நின்று பாருங்கள். நடக்கிறவர்களுக்கும் நாய்களுக்கும் பழகிய மான்கள் என்பதால் கெதியாக ஓடாது, புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அது நல்லது. கண்டால் கிட்டப் போகாதீர்கள். தீன் போடாதீர்கள். நின்ற இடத்திலிருந்தே காது, மூக்கு, முதுகுக்கோடு, முழங்கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இது பெண்மானா, குட்டியா, இந்த வருடத்து ஆணா என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள். திரும்பி வந்து உண்ணி இருக்கிறதா என்று காலையும் இடுப்பையும் தடவிப் பார்க்க மறக்காதீர்கள்.

எந்தச் சங்கமாவது இதை ஒழுங்கு செய்தால் நான் வந்து நின்று காட்டித் தரத் தயார், காசு வேண்டாம். என் தொலைபேசி இலக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். பெண் பிள்ளைகளும் வரட்டும். பைனாகுலர் இல்லாதவர்களுக்கு என்னிடம் மேலதிகமாக இரண்டு இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
ஸ்காபரோ